விதைப்பானைக்குள் ஒன்பது ஆட்டங்கள்

கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டு வீடு முழுக்கக் கண்ணாடி தேடுகிற வயதுக்கு வந்துவிட்ட என் வகுப்புத் தோழர்களே, ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் பிள்ளைகள் செல்போனில் ஆட்டம் ஆடும்போது, "எங்க காலத்துல இதெல்லாம் ஏது" என்று பெருமூச்சு விடுவதை நிறுத்துங்கள். மற்றவர்கள் விட்டுக்கொள்ளட்டும். கொல்லிமலையில் நம் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படித்தவர்கள் அப்படிச் சொல்லக் கூடாது. நாம் கம்ப்யூட்டர் ஆட்டம் ஆடியவர்கள் மட்டுமல்ல, செய்தவர்கள். அதுவும் எண்பதுகளின் கடைசியில், பாதி வீடுகளில் கரண்ட் இல்லாத காலத்தில்.

அந்த மெஷின் ஜீப்பில் வந்திறங்கியதும் தலைமையாசிரியர் அதைத் தொடக்கூட விடவில்லை. துணி போர்த்தி ஓர் அறையில் பூட்டி வைத்து, ஆயுத பூஜைக்கு மட்டும் திறந்து பொட்டு வைத்தார். ஓர் ஆண்டு அது சாமி மாதிரி உட்கார்ந்திருந்தது. பிறகுதான் கணக்கு சார் மாற்றலாகி வந்தார். புளியஞ்சோலைக்குக் கீழே அவருக்குச் சொந்த ஊர். சனிக்கிழமை மத்தியானம் மணி அடித்ததும், பஸ்ஸுக்குக் காத்திராமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காட்டு வழியாகவே இறங்கிப் போய்விடுவார். பத்து நாள் பயிற்சிக்குப் போய்வந்தவர். "எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான், மிச்சத்தை நாம சேர்ந்து கண்டுபிடிப்போம்" என்று துணியை எடுத்துவிட்டார். ஓர் ஆசிரியர் தனக்குத் தெரியாது என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மெஷின் என்றால் ஒரு கீபோர்டு. அதிலிருந்து ஒரு வயர் கறுப்பு வெள்ளை டி.வி.க்கு, இன்னொன்று டேப் ரெக்கார்டருக்கு. போட்ட ஐந்து நிமிஷத்தில் சூடாகி, இஸ்திரி போட்ட பிளாஸ்டிக் வாசம் அடிக்கும். ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்தால், சார் தன் கம்பளியை எடுத்து அதன்மேல் போர்த்துவார். அணைத்தால் எல்லாம் போச்சு. எழுதியதைக் காப்பாற்ற வேண்டுமென்றால் பாட்டு கேட்கிற கேசட்டில்தான் பதிய வேண்டும். பதிந்ததைப் போட்டுக் கேட்டால் பன்றிக்குட்டியை மிதித்தது போல ஒரே கிரீச் சத்தம். எது யாருடைய ஆட்டம் என்று காதால் கண்டுபிடிக்க முடியாது.

அதனால் சார் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். கிரீச் சத்தத்தைப் பதிவதற்கு முன்னால் மைக்கில் வாயை வைத்து ஆட்டத்தின் பெயர், செய்தவர் பெயர், ஊர் மூன்றையும் சொல்ல வேண்டும். "எதுவா இருந்தாலும் சொல்லிட்டுச் செய்யுங்கடா" என்பார். நாங்கள் அதை ஆரத்தி எடுப்பது போல பயபக்தியோடு செய்தோம். தன் குரலைத் தானே கேட்டு வெட்கப்பட்டு ஒருத்தன் பெஞ்சுக்கு அடியில் போய் ஒளிந்தான். யார் என்று நான் சொல்லப்போவதில்லை, இப்போது அவன் பெரிய காண்ட்ராக்டர்.

நான் மலைக்காரன் இல்லை. அம்மாவுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் வேலை. ராசிபுரம் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்திருந்தோம். "நர்சம்மா பையன்" என்பதாலோ என்னவோ என்னை வகுப்புத் தலைவனாக்கி, கம்ப்யூட்டர் அறைச் சாவியைக் கையில் கொடுத்திருந்தார்கள். சாவியைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருந்தேன். சட்டைக்கு வெளியே தெரியும்படி.

என் ஆட்டம் பஸ். இரண்டு பக்கமும் சாய்ந்த கோடுகள்தான் மலைப்பாதை, நடுவில் ஒரு வட்டம்தான் பஸ். எழுபது கொண்டை ஊசி வளைவையும் இடிக்காமல் இறக்கினால் பஸ் அடிவாரத்தில் நிற்க வேண்டும். நிற்காது. எழுபதாவது வளைவு தாண்டியதும் டி.வி.யை விட்டே இறங்கிப் போய்விடும். எத்தனையோ நாள் மல்லுக்கட்டினேன். "லீடரு, உங்க பஸ்ஸு சேலம் போயிருச்சு" என்று கடைசி பெஞ்சு கூட்டமாகச் சிரிக்கும்.

ஒன்பது பேர் ஒன்பது ஆட்டம் செய்தோம். அதில் ஒன்று பைல் நாட்டுக்காரியுடையது. மலையில் பல ஊர் சேர்ந்த பகுதியை நாடு என்பார்களே, அப்படிப் பைல் நாட்டிலிருந்து எங்கள் வகுப்புக்கு வந்த ஒரே பெண் அவள். அதனால் அதுவே அவள் பெயராகிவிட்டது. புரட்டாசியில் இரண்டு வாரம் பள்ளிக்கு வரவில்லை. திரும்பி வந்ததும் சார் கேட்டார்.

"எங்கேம்மா போயிருந்தே?"

"சாமைக் காவலுக்குங்க சார். குருவி எறங்குதுங்க."

"காவல்னா என்ன பண்ணுவே?"

"டப்பா தட்டுவனுங்க. கவண் விடுவனுங்க. பொழுது சாயிற வரைக்கும் நிப்பனுங்க."

"அதையே ஆட்டமாப் பண்ணு" என்றார் சார்.

பண்ணினாள். திரை முழுக்கப் புள்ளிகள், அதுதான் சாமைக் காடு. மேலே ஒரு சூரியன் ஆமை வேகத்தில் நகரும். குருவிகள் எங்கிருந்தோ வரும். உட்கார்ந்த இடத்தில் புள்ளி மறையும். நாம் ஓடி ஓடி விரட்ட வேண்டும். சூரியன் அந்தக் கோடிக்குப் போனதும், "பொழுது சாஞ்சுது, ஊட்டுக்குப் போலாம்" என்று இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் வரும். அவ்வளவுதான். மார்க் கிடையாது, ஜெயித்ததாகவும் வராது, தோற்றதாகவும் வராது.

"மார்க்கு எங்க புள்ள?" என்று நான் கேட்டேன்.

"காவலுக்கு ஏது லீடரு மார்க்கு? நிக்கோணும், அவ்வளவுதான்."

நான் அதை முட்டாள்தனம் என்று நினைத்தேன். ஆனால் சாப்பாட்டு மணிக்கு எல்லோரும் என் பஸ்ஸை விட்டுவிட்டு அவள் காட்டில் போய்க் குருவி விரட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. இப்போது ஒப்புக்கொள்வதில் என்ன இருக்கிறது.

கார்த்திகையில் சாருக்கு மாற்றல் வந்தது. அவர் காட்டு வழியில் இறங்கியதை நாங்கள் ஒன்பது பேரும் பாறைமேல் நின்று பார்த்தோம். அவர் போன மறுநாளே தலைமையாசிரியர் உத்தரவு போட்டார். பள்ளியில் இருக்கிற ஆறு கேசட்டும் அரசாங்கச் சொத்து, எல்லாம் தன் அறை பீரோவுக்கு வந்துவிட வேண்டும், கம்ப்யூட்டர் அறையைச் சனிக்கிழமையோடு பூட்டிவிட வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. பொருளைப் பத்திரமாக வைத்தால் வேலை முடிந்தது என்று நம்புகிறவர். ஆனால் அந்த பீரோ நின்ற சுவர் ஓதம் காத்து, கை வைத்தால் ஈரம் ஒட்டும். உள்ளே இருந்த வருகைப் பதிவேடுகள் எல்லாம் பூசணம் பிடித்துப் பழைய சோறு மாதிரி நாறும். எங்கள் எல்லோருக்கும் அது தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அந்த வாரம் முழுக்கச் சாப்பாட்டு நேரத்தில் பைல் நாட்டுக்காரி என்னிடம் வந்து, "லீடரு, சாவி" என்று கை நீட்டினாள். ஒவ்வோர் ஆட்டமாக மெஷினில் ஏற்றி, எல்லாவற்றையும் ஒரே கேசட்டில் திரும்பப் பதிந்துகொண்டிருந்தாள். பழகுகிறாள் போல என்று விட்டுவிட்டேன். சனிக்கிழமை கடைசியாக மைக்கை வாயோடு ஒட்டிவைத்து நீளமாக என்னமோ முணுமுணுத்தாள். பிறகு அந்தக் கேசட்டை எடுத்துப் புத்தகப் பைக்குள் போட்டாள். ஒளித்து வைக்கவில்லை. என் கண் முன்னால்தான் போட்டாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மார்கழியில் மேலிடத்து அதிகாரி பார்வையிட வருகிறார் என்று பீரோவைத் திறந்து எண்ணினார்கள். ஐந்துதான் இருந்தது. தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, "சாவி உன்கிட்டதான இருந்தது?" என்றார். ஒரே மூச்சில் அவள் பெயரைச் சொன்னேன். யோசிக்கக்கூட இல்லை. அந்த நிமிஷத்தில் எனக்குத் தோன்றியதெல்லாம், கழுத்துக் கயிற்றைப் பிடுங்கிவிடுவார்களோ என்பதுதான்.

அவளைக் கூப்பிட்டார்கள். நானும் அறையிலேயே நின்றேன்.

"கேசட் எடுத்தியா?"

"எடுத்தனுங்க ஐயா. சொல்லிட்டுத்தானுங்க எடுத்தேன்."

"யார்கிட்ட சொன்னே?"

"கேசட்டுலயே சொல்லியிருக்கறனுங்க."

"சரி, அந்தக் கேசட் எங்கே?"

"விதைப்பானைக்குள்ள வெச்சு அடைச்சாச்சுங்க. விதைக்கிறப்பத்தானுங்க பிரிப்பாங்க. வைகாசியில கொண்டாந்து தாரனுங்க."

அங்கிருந்த வாத்தியார்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். திருடப்போவதைச் சொல்லிவிட்டுத் திருடினாளாம், சொன்னதைத் திருடிய பொருளுக்குள்ளேயே சொன்னாளாம், அதையும் பானைக்குள் போட்டு மூடிவிட்டாளாம். நானும் சிரித்தேன்.

பானைக் கதை பொய்யில்லை. அவர்கள் வீட்டில் அறுப்பு முடிந்ததும் நல்ல சாமையாகப் பார்த்து விதைக்கு எடுத்து வைப்பார்கள். நொச்சி இலை போட்டு, வாயை மண்ணும் சாணியும் குழைத்துப் பூசி அடைத்துவிடுவார்கள். விதைக்கிற அன்றைக்குத்தான் உடைப்பார்கள். நடுவில் உடைத்தால் அந்த வருஷம் வெள்ளாமை இருக்காது என்பது வழக்கம். அவள் அப்பா வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "என்னைய வேணா நாலு அடி அடிச்சுக்குங்க சாமி, பானைய ஒடைக்கச் சொல்லாதீங்க" என்றார். வெள்ளைச்சட்டைக்காரர்களான எங்களுக்கு அது திமிராகத் தெரிந்தது.

பங்குனியில் அவளைக் கீழே ஒரு விடுதிப் பள்ளியில் சேர்க்க மாற்றுச் சான்றிதழ் வாங்கினார்கள். அவள் அப்பா அதை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். "நர்சம்மா, இதுல என்னங்க எழுதியிருக்குது? புள்ள சொல்ல மாட்டேங்குது" என்றார். அம்மா வாங்கிப் படித்தாள். நடத்தை என்ற இடத்தில் எல்லோருக்கும் ‘நன்று’ என்றிருக்கும். அவளுக்கு ‘சுமார்’ என்றிருந்தது. அம்மா, "ஒண்ணுமில்லீங்க, நல்லாத்தான் எழுதியிருக்காங்க" என்று மடித்துக் கொடுத்தாள். அவர் மனம் நோகக் கூடாது என்றுதான் சொன்னாள். உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த மனுஷர் போய் மாற்றியாவது வாங்கியிருப்பார். விடுதிப் பள்ளியில் அந்த ஒரு வார்த்தையைப் பார்த்துவிட்டு இடமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அந்தச் சித்திரையில் அம்மாவுக்கும் மாற்றலாகி நாங்கள் இறங்கிவிட்டோம்.

இத்தனை வருஷம் கழித்து இதையெல்லாம் கிளறியது ஒரு பல் டாக்டர். திருச்சியில் பல் பிடுங்குகிற நேரம் போக, அந்தக் கால மெஷின்களில் பள்ளிப் பிள்ளைகள் செய்த ஆட்டங்களைத் தேடிச் சேர்க்கிற ஒரு கூட்டத்தில் அந்த அம்மா இருக்கிறார். கடைகளில் விற்ற ஆட்டங்களை யாராவது காப்பாற்றிவிடுவார்கள், பிள்ளைகள் செய்ததை யார் காப்பாற்றுவது என்பது அவர்கள் வாதம். கணக்கு சார் எப்போதோ எழுதிய ஒரு கடிதத்தில் ‘கொல்லிமலை, ஒன்பது ஆட்டம்’ என்று பார்த்துவிட்டு, விசாரித்து விசாரித்து என்னைப் பிடித்துவிட்டார்.

இருவருமாக முதலில் பள்ளிக்குப் போனோம். பீரோவை உடைசல் அறையில் போட்டிருந்தார்கள். ஐந்து கேசட்டும் உள்ளேயே இருந்தன, பத்திரமாக. திறந்தால் டேப் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பூசணம். டாக்டரம்மா தன் பல் குத்துகிற கம்பியால் மெல்லத் தொட்டார். செதில் செதிலாக உதிர்ந்தது. "சொத்தைப் பல்லுகூட இதைவிடத் தேவலை" என்றார்.

நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அன்றைக்கு நான் போட்ட செய்தி உங்களுக்கு நினைவிருக்கும். கும்பிடு போட்டவர்கள் பதினாறு பேர், பதில் சொன்னவர் ஒருவரும் இல்லை. மூன்றாம் நாள் தெரியாத எண்ணிலிருந்து எனக்கு ஒரு குரல் செய்தி வந்தது.

"ஏனுங்க லீடரு, நல்லாருக்கீங்களா? அந்தக் கேசட்டத் தேடறீங்கன்னு சொன்னாங்க. இருக்குதுங்க. ஆனா பானை அடைச்சாச்சு. விதைக்கிறப்ப வாங்க."

திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். அது தை மாதம். டாக்டரம்மாவிடம் சொன்னதும், "ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன், கொஞ்சம் முன்னாடியே திறக்க முடியுமான்னு" என்றார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "முடியாதும்மா. வைகாசின்னா வைகாசிதான். ஒருதடவை அவசரப்பட்டது போதும்" என்று கத்திவிட்டேன். பாவம், அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு முழுக்கதையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

வைகாசியில் மழை விழுந்ததும் போனோம். பைல் நாட்டில் நல்ல சாமை விதை வேண்டுமென்றால் இப்போது அவளிடம்தான் போக வேண்டும். அவ்வளவு பெயர். நரைத்த தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு எதிரே வந்தவளை எனக்கு அடையாளமே தெரியவில்லை. அவளுக்கு என்னைத் தெரிந்தது.

"வாங்க லீடரு. பஸ்ஸு நின்னுச்சுங்களா?" என்றாள்.

பானைக்குச் சூடம் காட்டி, அரிவாள் பிடியால் மண் பூச்சைத் தட்டி உடைத்தாள். நொச்சி வாசம் குப்பென்று வந்தது. முழங்கை வரைக்கும் விதைக்குள் விட்டுத் துழாவி, ஒரு பிளாஸ்டிக் பொட்டலத்தை எடுத்தாள். யூரியா மூட்டைக்கு உள்ளே வருமே, அந்தப் பிளாஸ்டிக்.

"ஒவ்வொரு வருசமும் எடுத்து, தொடச்சு, புது நொச்சி வெச்சுத் திரும்பப் போட்டுருவேன்" என்றாள்.

"பள்ளிக்கூடத்துல திருப்பிக் குடுக்கலீங்களா?" என்று கேட்டேன்.

"குடுக்கப் போனனுங்க. சொன்னபடி அந்த வைகாசி முடிஞ்சு பள்ளிக்கூடம் தொறந்த அன்னைக்கே போனேன். புது ஐயா வந்திருந்தாரு. அப்படி ஒரு பொருளே கணக்குல இல்லைன்னுட்டாரு. மெஷினும் புகைஞ்சு போச்சாம். குப்பையில போடச் சொன்னாரு. ஒம்பது பேரோட பாடாச்சுங்களே, எப்படிப் போடறது?"

அவள் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

டாக்டரம்மா திருகாணியைக் கழற்றி, டேப்பை அழுத்திப் பிடிக்கிற பஞ்சுத் துண்டு கழன்று விழுந்திருந்ததால் புதிதாக ஒன்றை ஒட்டி, கேசட்டை ரெக்கார்டரில் போட்டு லேப்டாப்போடு இணைத்தார். கொஞ்ச நேரம் இரைச்சல். அப்புறம் ஒரு சின்னப் பெண்ணின் குரல். பதின்மூன்று வயது பைல் நாட்டுக்காரி.

"ஒண்ணாவது ஆட்டம். தேன்கூடு." தொடர்ந்து செய்தவன் பெயரும் ஊரும். பிறகு கிரீச். லேப்டாப்பில் ஒரு தேன்கூடு வந்து நின்றது. அந்தப் பழைய மெஷின் மாதிரியே நடிக்கிற ஒரு புரோகிராமை டாக்டரம்மா லேப்டாப்பில் வைத்திருந்தார். ஆலத்தூர் நாட்டிலிருந்து வந்தவன் செய்த முள்ளம்பன்றி வந்தது. காண்ட்ராக்டரின் பலாப்பழம் வந்தது. "எட்டாவது ஆட்டம். பஸ்ஸு. செஞ்சது லீடரு. எழுபதாவது வளைவுல நிக்காது, தெரிஞ்சுக்குங்க." டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். நானே ஓட்டிப் பார்த்தேன். நிற்கவில்லை. எனக்கு அதில் இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை.

ஒன்பதாவதாகச் சாமைக் காவல் வந்தது. அவளையே உட்கார வைத்தோம். விதை ஒட்டிய விரலால் தட்டித் தட்டிச் சூரியன் கோடிக்குப் போகிற வரைக்கும் ஒரு குருவியை உட்கார விடவில்லை. "இத்தனை வருசத்துல இவ்வளவு சுத்தமா ஒரு கேசட்டை நான் பார்த்ததில்லை" என்று டாக்டரம்மா எழுந்து நின்று சொன்னார். தோழர்களே, நம் ஒன்பது ஆட்டமும் இப்போது அவர்களுடைய இணையப் பக்கத்தில் இருக்கின்றன. எந்த ஊரிலிருந்தும் யாரும் ஆடலாம். பெயரும் ஊரும் அவள் குரலிலேயே கேட்கும். போய்க் கேளுங்கள், பிள்ளைகளையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு கேளுங்கள்.

ஆனால் கேசட் அதோடு முடியவில்லை. டாக்டரம்மா நிறுத்தப்போன கையை நான்தான் பிடித்தேன். கொஞ்சம் இரைச்சலுக்குப் பிறகு அதே குரல், மைக்கோடு வாயை ஒட்டிவைத்து மெதுவாகப் பேசியது.

"தலைமையாசிரியர் ஐயாவுக்கு. உங்க ரூமு செவுரு ஓதமுங்க. பீரோவுல வெச்சா கேசட்டெல்லாம் பூசணம் புடிச்சிரும். அதனால எல்லாத்து ஆட்டத்தையும் இந்த ஒண்ணுல ஏத்தி, எங்கூட்டு விதைப்பானையில வெக்கறனுங்க. விதைக்கிறப்பக் கொண்டாந்து தந்துருவேன். சொல்லாம எடுத்துட்டேன்னு நெனச்சுக்காதீங்க. இப்பச் சொல்லிட்டனுங்க."

டக்கென்று பட்டனை அழுத்துகிற சத்தம். அவ்வளவுதான்.

அவள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "கடுதாசிய எழுதிப் பானைக்குள்ளயே போட்டு அடைச்சவளைப் பாருங்க" என்றாள். சிரித்து முடித்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க லீடரு, சொல்லிட்டுத்தானுங்களே எடுத்தேன்?"

அன்றைக்கு அந்த அறையில் நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலை, எழுந்து நின்று, அவள் வீட்டு ஆட்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். "ஆமாங்க. சொல்லிட்டுத்தான் எடுத்தீங்க."